பெரியவள் போட்ட அம்பு

அந்தத் திரைச்சீலைக் கடையில் இரண்டு மருமகள்கள். பெரியவளைப் பற்றி யாரைக் கேட்டாலும், "அவங்க கைபட்டா போதும், கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்பார்கள். சின்னவளைப் பற்றிக் கேட்டால், "நல்ல பொண்ணுதான், ஆனா கொஞ்சம் கவனம் பத்தாது" என்பார்கள். இந்த 'ஆனா' எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று யோசித்து யோசித்துச் சின்னவளுக்கு வயிறு எரிந்ததுதான் மிச்சம். ஏனென்றால் தையலில் அவள் கை பெரியவள் கையைவிட ஒரு படி மேல். இது பெரியவளுக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியும், கொக்கி தைக்க வரும் பெண்ணுக்குக்கூடத் தெரியும்.

ஒட்டிக்கொண்டது சின்னவளின் சொந்த வாயால்தான், வேறெப்படி? சின்னவள் ஒரு தப்பு செய்தால், அது தப்பு என்று மற்றவர்கள் கண்டுபிடிப்பதற்குள் அவளே ஓடிப்போய்ச் சொல்லிவிடுவாள். பாபினில் நூல் சிக்கினால் "என் தப்புதான் அத்தை." டீ ஆறிப்போனால் "என் தப்புதான்." கரண்ட் போனால்கூட ஒரு நொடி தன் மேல்தான் சந்தேகப்படுவாள். பிறந்த வீட்டில் அவள் அப்பாவுக்கு மூக்கு நுனியில் கோபம். யார் முதலில் மன்னிப்புக் கேட்கிறார்களோ அவர்களுக்குக் கத்தல் சீக்கிரம் முடியும். சின்ன வயதில் கற்றுக்கொண்ட அந்தத் தந்திரம் கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தை பிறந்து, அந்தப் பெண் பள்ளிக்கூடம் போன பிறகும் அவளை விட்டுப் போகவில்லை.

பெரியவள் நேர் எதிர். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதோடு நிறுத்துகிறவள் இல்லை அவள். நாலாவது காலைக் காட்டினால், "அதை நீ ஒட்ட வெச்சே" என்பாள். பால் பொங்கி வழிந்தால் பாத்திரம் சின்னது. வழி தவறிப் போனால், ரோட்டை மாற்றிவிட்டார்கள். ஒரு தடவை ஒரு வீட்டுக்குப் பச்சைத் திரைக்குப் பதில் நீலத் திரையை அனுப்பிவிட்டாள். அந்த வீட்டு அம்மாள் போனில் கொதிக்கிறாள். இவள் அசரவே இல்லை. "உங்க சோபாவுக்கு நீலம்தாங்க எடுப்பா இருக்கும். ஒரு நாள் மாட்டிப் பாருங்க, அப்புறம் பேசுங்க" என்றாள். அந்த அம்மாள் மாட்டிப் பார்த்தாள். அதோடு போனாளா? மறுவாரம் நேரில் வந்து, "நீங்க சொன்னது எவ்வளவு சரி!" என்று பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, தலையணை உறைக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனாள். மெஷினில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த சின்னவள், கோபத்தில் நேர்த்தையலைக் கோணலாக ஓட்டிவிட்டு, "என் தப்புதான் அத்தை" என்றாள்.

சொல்லுங்கள், இதை எங்கே போய் முறையிடுவது? ஒத்துக்கொண்ட தப்பு மட்டும்தான் ஊர் ஞாபகத்தில் நிற்கிறது. ஒத்துக்கொள்ளாத தப்பை நடக்கவே இல்லை என்று எல்லோரும் தலை முழுகிவிடுகிறார்கள்.

பெரியவளின் புடவை மேலோ, நகை மேலோ சின்னவளுக்குப் பொறாமை இல்லை. அவள் பொறாமைப்பட்டது அவளுடைய கழுத்தின் மேல். அது குனிந்ததே இல்லை. அவள் சாப்பிடுவதைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். எந்தக் கலவரம் நடந்தாலும் பெரியவளுக்குச் சோறு இறங்கும், இரண்டாம் தடவை குழம்பும் கேட்பாள். சின்னவளுக்கு ஒரு பொத்தான் தவறினால் அன்றைக்கெல்லாம் தண்ணீர்கூட இறங்காது. இதெல்லாம் போதாதென்று அவள் பெற்ற பெண்ணே ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "டீச்சர் என்னைத் திட்டினப்போ பெரியம்மா மாதிரி பேசினேம்மா, உடனே விட்டுட்டாங்க. நீ ஏம்மா அப்படிப் பேச மாட்டேங்கற?" என்று கேட்டது. அன்று அவள் குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னல் இறுகி, "ஆ, வலிக்குதும்மா!" என்று அது கத்தியது. அதற்கும் ஒரு மன்னிப்புக் கேட்டாள்.

அவளுக்கென்று அந்த வீட்டில் ஒரே ஒரு மதிப்பு இருந்தது. வீட்டிலோ கடையிலோ ஏதாவது நடந்து, ஆளுக்கொன்று பேசினால், மாமியார் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்துவாள். பிறகு சின்னவள் பக்கம் திரும்பி, "சின்னவளே, நீ சொல்லு" என்பாள். சின்னவள் சொல்வாள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அதை அவள் ஒரு மதிப்பாகவே எண்ணியதில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. வேறு ஒன்றின் மேல் அவளுக்குக் கண்.

அது கத்திரி. அந்தக் கடையில் மெஷின் ஓட்ட எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம், துணி வெட்டுவது ஒரே ஒரு கை. கடையைத் தொடங்கிய நாளிலிருந்து அது மாமியாரின் கை. கனமான இரும்புக் கத்திரி. வேலை முடிந்ததும் அதைத் துணியில் சுற்றி வெட்டு மேஜையின் இழுப்பறையில் வைப்பாள். அவள் கை நடுங்கத் தொடங்கியபோது கத்திரி முதலில் சின்னவளிடம்தான் வந்தது. கொஞ்ச காலம் மேஜை முன்னால் ராணி மாதிரி நின்றாள். பிறகு ஒரு கிளினிக்குக்குத் தைத்த திரை இரண்டு முழம் குட்டையாகத் தொங்கியது. பார்த்த மாத்திரத்தில், அளவைக்கூடச் சரிபார்க்காமல், "என் தப்புதான் அத்தை" என்றாள். "சரிம்மா, நீ தைக்கிறதைப் பாரு" என்று மாமியார் கத்திரியைப் பெரியவளிடம் கொடுத்துவிட்டாள்.

அளவெடுக்கப் போனவள் பெரியவள் என்பதும், தரைவரை அளக்காமல் ஜன்னல் விளிம்போடு நிறுத்திவிட்டாள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. சின்னவளின் புருஷன்தான் கடையின் வேனை ஓட்டுகிறவன், கம்பி மாட்டுகிறவன். அவன் போய் மறுபடி அளந்து பார்த்து வந்து சொன்னான். பெரியவளிடம் கேட்டார்கள். "ஜன்னலுக்குத்தானே கர்ட்டன் கேட்டாங்க, தரைக்கா கேட்டாங்க?" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரித்ததோடு சரி, கத்திரி திரும்பி வரவில்லை.

இந்த நிலைமையில்தான் அந்தப் பெரிய வேலை வந்தது. புதிதாகக் கட்டிய ஒரு ஹாலின் மேடைக்கு முன்திரை. கருஞ்சிவப்பு வெல்வெட், பின்பக்கம் லைனிங். மாமியார் இரண்டு மருமகள்களையும் கூப்பிட்டுச் சொன்னாள்: "பெரியவ வெட்டட்டும், சின்னவ தைக்கட்டும். திரை ஒழுங்கா தொங்கிச்சுன்னா கத்திரி இனிமே பெரியவளோடதுதான். எனக்கு முட்டி வலி. நான் நாற்காலியில உட்கார்ந்துக்கறேன்."

ஒழுங்காகத் தொங்காவிட்டால் என்ன என்று அவள் சொல்லவில்லை. சின்னவள் தானே சொல்லிக்கொண்டாள்.

வெல்வெட்டைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். பூனை முதுகு மாதிரி அதற்கு ஒரு வாட்டம் உண்டு. ஒரு பக்கமாகத் தடவினால் வழுவழு, எதிர்ப்பக்கமாகத் தடவினால் சொரசொர. பட்டை பட்டையாக வெட்டி இணைக்கும்போது எல்லாப் பட்டைக்கும் வாட்டம் ஒரே பக்கம் இருக்க வேண்டும். ஒன்று தலைகீழானால், மேடை விளக்கு விழுந்ததும் அது மட்டும் வேறு துணி மாதிரி தனியாகத் தெரியும். கடையின் குழல் விளக்கில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் வெட்டுகிறவள், வெட்டிய கையோடு பட்டையின் பின்பக்கம் சாக்கட்டியால், திரையின் மேல்பக்கம் எது என்று காட்டி, மேல்நோக்கி ஓர் அம்பு போட வேண்டும். தைக்கிறவளுக்கு அந்த அம்புதான் கட்டளை.

பெரியவள் கடைசிப் பட்டைக்கு வந்தபோது மேஜையைச் சுற்றி வர அலுப்புப்பட்டு, துணிச்சுருளையே மறுபக்கம் திருப்பிப் போட்டு வெட்டினாள். பேச்சு சுவாரசியத்தில், வாட்டம் தலைகீழானதை மறந்து, அம்பையும் பழைய திசையிலேயே போட்டாள்.

அந்தப் பட்டையை மடியில் இழுத்துப் போட்டு ஊசிக்குக் கீழே தள்ளியபோதே சின்னவளின் உள்ளங்கையில் துணி சொரசொரத்தது. திருப்பிப் பார்த்தாள். அம்பு மேலே. வாட்டமும் மேலே. பக்கத்துப் பட்டையைத் தடவினாள். அது சரியாகக் கீழ்நோக்கி வழுக்கியது. சந்தேகமே இல்லை.

எழுந்து போய்ச் சொல்ல வேண்டும். கால்கூட எழுந்துவிட்டது. மேஜைப் பக்கம் பெரியவள் கத்திரியை விரலில் மாட்டிக்கொண்டு, கொக்கிப் பெண்ணிடம் நீலத் திரைக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கதையில் இப்போதெல்லாம் நீலம் தவறிப் போகவில்லை, அவளே பார்த்துப் பார்த்து அனுப்பியதாகிவிட்டிருந்தது. சின்னவள் மறுபடி உட்கார்ந்தாள். சொன்னால் என்ன நடக்கும்? "அட, நீதான் திருப்பிப் பிடிச்சிருப்பே" என்பாள். அம்பை அழித்துத் திருப்பிப் போடுவாள். திரை அழகாகத் தொங்கும். கத்திரி அவளுக்கே போகும். தப்பாகவே தொங்கட்டும், ஊரே பார்க்கத் தொங்கட்டும். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று இந்த ஒரு தடவை சொல்லட்டும் பார்ப்போம்.

மெஷினை மிதித்தாள்.

அந்தப் பட்டையை அவள் தைத்த மாதிரி வேறெதையும் அவ்வளவு நேர்த்தியாகத் தைத்ததில்லை. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு இழுப்பு இல்லை. லைனிங்கையும் போட்டு மூடினாள். முடித்து எழுந்தபோது பசித்தது. அன்றைக்கு இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

திரையை மாட்டுகிற நாளில் எல்லோருமே ஹாலுக்குப் போனார்கள். மாமியார் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தாள். ஹால் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சின்னவளின் புருஷன் ஏணியிலிருந்து இறங்கிக் கயிற்றை இழுத்தான். திரை மடிப்பு மடிப்பாக நடுவில் வந்து சேர்ந்தது. "பிரமாதம்!" என்றார் மேனேஜர். பிறகு மேடை விளக்கைப் போட்டார்.

இடது பக்கத்தில் ஒரு பட்டை மட்டும் மேலிருந்து கீழ்வரை கறுத்துப் போய் நின்றது.

"என்னங்க இது, ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கு?" என்றார் மேனேஜர்.

சின்னவளுக்குப் பயமே வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. பெரியவளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவள் அண்ணாந்து விளக்கைப் பார்த்தாள். "இந்த லைட்டை யாருங்க இந்த மூலையில மாட்டினது?" என்றாள். அவள் கேட்ட அதிகாரத்தில், "எலக்ட்ரீஷியன்தாங்க..." என்று மேனேஜர் தடுமாறினார். "வெல்வெட்டுக்கு நேர் வெளிச்சம் வேணும். கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்க." மேனேஜர் நிஜமாகவே ஆளை அனுப்பி விளக்கைத் தள்ள வைத்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இங்கே கூடத்தையே இடிக்க ஆள் கிளம்பிவிட்டது! தள்ளி வைத்ததும் பட்டை இன்னும் கறுத்தது.

மாமியார் தன் சின்ன மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு மேடை ஏறி வந்தாள். துணியை ஒரு தடவை தடவினாள். "வாட்டம் மாறிப் போச்சு" என்றாள். "யாருடி இது?"

"நான் சரியாத்தான் அம்பு போட்டுக் கொடுத்தேன் அத்தை. தைக்கும்போது திருப்பியிருப்பா" என்றாள் பெரியவள், நாளைக்கு மழை வரும் என்கிற தோரணையில்.

எல்லோரும் சின்னவளைப் பார்த்தார்கள். அவள் வாயிலிருந்து வழக்கமான அந்த வார்த்தை வந்ததும் வேனில் ஏறலாம் என்று காத்திருந்தார்கள். அவள் புருஷன்கூட ஏணியை மடக்கத் தொடங்கிவிட்டான்.

சின்னவள் இடுப்பிலிருந்து நூல் வெட்டும் சின்னக் கத்திரியை எடுத்தாள். அந்தப் பட்டையின் பின்னால் லைனிங் தையலை ஒரு முழம் பிரித்தாள். உள்ளே விரித்துக் காட்டினாள். சாக்கட்டி அம்பு மேல்நோக்கி இருந்தது. பெரியவளுடைய அம்பு. அவள் மட்டும்தான் வாலில் ஒரு சுழி போடுவாள்.

"அம்பு பார்த்துத்தான் தைச்சேன் அத்தை" என்றாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கழுத்து நேராக நின்றது. அந்த நிமிடம் அவளுக்கு எவ்வளவு இனித்தது என்று சொல்லி முடியாது.

மாமியார் அம்பைப் பார்த்தாள், பெரியவளைப் பார்த்தாள். "சாக்கட்டி அழிஞ்சு யாராவது மறுபடி போட்டிருப்பாங்க" என்று பெரியவள் கூரையைப் பார்த்தாள். மாமியார் அதைக் காதில் வாங்கவே இல்லை. சின்னவள் பக்கம் திரும்பினாள்.

"அம்பு தப்புதான், சரி. ஆனா இந்தப் பட்டையை மேலேருந்து கீழே வரைக்கும் கையால தள்ளித் தள்ளித் தைச்சிருக்கே. உன் கைக்குத் தெரியலையா? சின்னவளே, நீ சொல்லு. நீ சொன்னா நான் நம்பறேன்."

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. 'தெரிஞ்சுது அத்தை, வயித்தெரிச்சல்ல சும்மா இருந்துட்டேன்' என்ற வாக்கியம் முழுசாக நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் பெரியவளின் நீண்ட கழுத்து நின்றது.

"தெரியல அத்தை" என்றாள்.

"தெரியலன்னா சரி" என்றாள் மாமியார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கப் போனாள்.

திரையை இறக்கி மடித்து வேனில் ஏற்றினார்கள். பட்டையைப் பிரித்துத் திருப்பி வைத்துத் தைக்க வேண்டும். பின்னால் வெல்வெட் குவியலுக்குப் பக்கத்தில் இரண்டு ஓரகத்திகளும் உட்கார்ந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் பெரியவள் சின்னவளின் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"'தெரியல'ன்னு சொன்னே பாரு, அப்போ கண்ணைத் தாழ்த்திட்டே. தாழ்த்தவே கூடாது. நேரா பார்க்கணும்."

சின்னவள் சட்டென்று திரும்பினாள். "எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"உன் கைக்குத் தெரியாம இருக்குமா? இருட்டுல குடுத்தாலே சொல்லிடுவியே!"

"அப்புறம் ஏன் அங்க சொல்லல?"

"அதை நான் எதுக்குச் சொல்லணும்?" என்றாள் பெரியவள். "நான் அம்பு சரியாத்தான் போட்டேன்." சொல்லிவிட்டு வெல்வெட்டின் மேல் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். கோபம் இல்லை, வருத்தம் இல்லை. சின்னவளின் மேல் அவளுக்குப் பொறாமையும் இல்லை, ஒரு நாளும் இருந்ததில்லை என்பது அந்தக் குறட்டையில் தெரிந்தது. சின்னவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். ஜெயித்து வந்த நாளிலும் தோற்றவளைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியிருக்கிறதே, இது என்ன பிறவி!

மறுநாள் காலையில் கத்திரி அவள் மெஷின் மேல் இருந்தது. துணியில் சுற்றியபடியே வைத்துவிட்டு மாமியார் நாற்காலியில் போய் உட்கார்ந்திருந்தாள். கையில் கொடுக்கவில்லை.

திரையைத் திருத்தி மாட்டினார்கள், மேனேஜர் திருப்தியானார், மேடையின் பக்கத் திரைகளையும் அதே வெல்வெட்டில் கேட்டார். இப்போது சின்னவள் வெட்ட, பெரியவள் மெஷினில் உட்கார்ந்தாள். பெரியவள் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. "எனக்கு ஆரம்பத்திலேர்ந்தே மெஷின்தான் பிடிக்கும்" என்று கொக்கிப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டே சின்னவள் வெட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். வெட்டியவற்றையெல்லாம் அம்பு போட்டு மடித்து மெஷின் பக்கம் தள்ளினாள்.

ஒரு பட்டையை மடியில் போட்ட உடனே பெரியவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள். கடை முழுக்கக் கேட்கிற குரலில், ஒரு பொட்டு வஞ்சனையும் இல்லாமல் கூப்பிட்டாள்.

"ஏம்மா சின்னவளே, இது தலைகீழா இருக்குற மாதிரி இருக்கே. வந்து ஒரு தடவை பாத்துடு, தைச்சுட்டா அப்புறம் பிரிக்கணும்."

"இல்லையே" என்றாள் சின்னவள். "நான் சரியாத்தான் போட்டேன். லைட்ல அப்படித் தெரியும்."

சொன்ன பிறகுதான் தன் காதிலேயே அது விழுந்தது. கொக்கிப் பெண் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பெரியவள் முதலில் திகைத்து, பிறகு சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சின்னவள் மாமியார் பக்கம் திரும்பினாள். இந்த மாதிரி ஆளுக்கொன்று பேசும்போது உயர்கிற கை இப்போது உயரும், 'சின்னவளே, நீ சொல்லு' என்பாள், உடனே ஓடிப்போய், 'என் தப்புதான் அத்தை' என்று சொல்லிவிடலாம். காத்திருந்தாள்.

மாமியார் கேட்கவில்லை. இரண்டு கையையும் நாற்காலியில் ஊன்றி, முட்டி வலியில் முனகிக்கொண்டு, தானே எழுந்தாள். சின்னவளைத் தாண்டி, மேஜை விளிம்பைப் பிடித்துப் பிடித்து மெஷின்வரை நடந்தாள். துணியை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். பிறகு பட்டையைத் திருப்பி, அம்பைக் கட்டைவிரலால் தேய்த்து அழித்துவிட்டு, சாக்கட்டியை எடுத்து நடுங்குகிற கையால் எதிர்ப்பக்கம் ஒரு கோணல் அம்பு போட்டாள்.